வாத்தியார் சொன்ன போர்

அவிநாசியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் சாலையோரத்தில் எங்கள் தோட்டம். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டால் வெளியே வந்து எட்டிப் பார்ப்போம். பிறகு மலைமேல் இருந்த பட்டாளத்து முகாம் பெருத்தது. அது பெருக்கப் பெருக்க எங்கள் சாலையில் புழுதி அடங்கவே இல்லை. முட்டை, பால், காய்கறி, விறகு, கோழி, எல்லாம் மேலே போயின. சோளத்தட்டும் போயிற்று. பட்டாளத்தின் கோவேறு கழுதைகளும் வண்டிமாடுகளும் தின்ன வேண்டுமே.

ஊர் செழித்தது என்றார்கள். பொய்யில்லை. தட்டும் ஓலையும் வேய்ந்த கூரைகள் போய் ஓட்டுக்கூரைகள் வந்தன. எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டதும் தட்டு விற்ற காசில்தான். ஆனால் கோழி வளர்க்கிற வீட்டில் பெற்ற பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுக்க மனம் வராது. மேலே அனுப்பினால் காசாயிற்றே என்று தோன்றும். களையெடுக்க ஆள் கூப்பிட்டால், மலையில் ரோட்டு வேலைக்குப் போகிறோம் என்பார்கள். அங்கே கூலி அதிகம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே குனிந்து எடுத்தேன். இப்போதும் இடுப்பு வலி வந்தால் அந்தச் சோளக்காடுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

என் வீட்டுக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தார். சோளம் அறுத்ததும் தட்டை இரண்டு போராக அடுக்குவார். சாலைப்பக்கத்துப் போர் பட்டாளத்துக்கு வாங்கிப் போகும் கண்டிராக்டருக்கு. கிணற்றுப்பக்கத்துப் போர் எங்கள் மயிலைக்கும் செவலைக்கும். அந்த இரண்டு எருதுகள்தான் எங்களுக்கு உழவு, அவை இறைத்தால்தான் கிணற்றுத் தண்ணீர்.

"அந்தப் போருல கை வெச்சா அப்பறம் நாம பிச்சைக்குத்தான் போகோணும்" என்பார். கண்டிராக்டர் எத்தனை ஆசை காட்டினாலும் மசிய மாட்டார்.

அவரை மசிய வைத்தது எங்கள் ஊர் வாத்தியார். நல்ல மனிதர், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. தினம் பத்திரிகை படிப்பவர், யாரிடமும் செந்தமிழில்தான் பேசுவார். அந்த வருஷம் அறுப்பு முடிந்த கையோடு என் வீட்டுக்காரர் காப்பிக் கடையில் அவரிடம், "ஏனுங்க வாத்தியாரே, லாரி இப்பிடிச் சாரை சாரையாப் போகுதுங்களே, என்ன சங்கதிங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"போர் வரப்போகிறது ஐயா. இந்த வருஷத்துக்குள் நிச்சயம் வரும். மிகப் பெரிய போர். வந்தால் நம் ஜில்லாவும் தப்பாது" என்றாராம் வாத்தியார்.

இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தார். "தட்டுப்போர் வரப்போகுதாமா. தாராபுரத்துப் பக்கமிருந்துதான் வரோணும். பெரிய பெரிய போராமா. அது வந்து எறங்குச்சுன்னா நம்ம தட்டை எவன் சீந்துவான்?"

"யாருங்க சொன்னது?"

"வாத்தியாரே சொன்னாரு. பேப்பர்ல போட்டிருக்குதாமா."

வாத்தியாரும் சொல்லி, பேப்பரிலும் வந்த பிறகு நான் என்ன பேசுவது? இப்போதே இரண்டு போரையும் விற்றுவிடுவது, வெளித்தட்டு வந்து விலை விழுந்ததும் மாட்டுக்கு வேண்டியதை மலிவாக வாங்கிக்கொள்வது. இதுதான் அவர் போட்ட திட்டம். "ஒருக்காவாச்சும் நாம முந்திக்கோணும் புள்ள" என்றார். அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் முகத்தில் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. கண்டிராக்டரின் ஆட்கள் கிணற்றுப்பக்கத்துப் போரையும் பிரித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அவிழ்த்துவிட்டால் செவலை நேராக அந்த இடத்துக்குப் போய் வெறும் மண்ணை முகர்ந்துகொண்டு நிற்கும்.

கோடை மழை ஏமாற்றிவிட்டது. இவர் சாலையில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டே இருந்தார். "வந்துரும், வந்துரும்" என்பார். வந்ததெல்லாம் மலைக்குப் போனது. எங்கள் பக்கம் ஒரு கட்டுத் தட்டு இறங்கவில்லை. கையில் காசு இருந்த வரைக்கும், நாங்கள் விற்றதைவிட அதிக விலை கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் போட்டோம். அதுவும் தீர்ந்தது. வேலித் தழையை ஒடித்துப் போட்டோம், பனையோலையைக் கிழித்துப் போட்டோம். பழைய கூரை இருந்திருந்தால் அதையாவது பிடுங்கிப் போட்டிருக்கலாம். ஓட்டு வில்லையை மாடு தின்னுமா?

ஆவணியில் ஒரு நாள் வாத்தியார் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "நான்தான் அன்றைக்கே சொன்னேனே, பார்த்தீர்களா? போர் வந்துவிட்டது!"

இவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "வந்துருச்சுங்களா! எங்கீங்க எறக்கறாங்க?"

"சீமையில் மூண்டுவிட்டது ஐயா. ஜெர்மனிக்காரன் தொடங்கிவிட்டான்."

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி மோதிக்கொண்டாலும் சண்டை, ராஜாக்கள் மோதிக்கொண்டாலும் சண்டைதான். போர் என்றால் தட்டுப்போர். வேறொரு போர் இருப்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "அட, சண்டைங்களா?" என்றார் இவர். வாத்தியார் போன பிறகு கிணற்று மேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வாத்தியார் மேல் கோபம், இவர் மேல் கோபம், அந்த மலை மேலேயும் கோபம். கோபப்படக்கூடத் தெம்பில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டேன், வரவில்லை.

புரட்டாசியில் இரண்டு எருதுகளையும் அவிநாசிச் சந்தைக்கு ஓட்டிப்போனார். சத்தியமங்கலத்துப் பக்கம் உழவுக்குத்தான் என்று தரகர் சத்தியம் செய்தாராம். திரும்பி வரும்போது இவர் கையில் பிடிகயிறுகள் இரண்டும் இருந்தன. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டோம். கயிறு வீட்டில் இருந்தால் மறுபடியும் மாடு வரும் என்பது நம்பிக்கை. கட்டுத்தறிக்கு மேலே ஆணியில் மாட்டி வைத்தார்.

அந்த வாரமே ஒரு மாட்டுக் கூட்டம் சாலையில் மலைப்பக்கம் போயிற்று. நான் வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூட்டத்திலிருந்து ஒரு மாடு விலகி, யாரும் கூப்பிடாமல் எங்கள் தோட்டத்துக்குள் நுழைந்தது. செவலை. நேராகப் போர் இருந்த இடத்துக்குப் போய் மண்ணை முகர்ந்தது.

மாடு ஓட்டுகிறவர் கோலோடு பின்னாலேயே வந்தார். "ஏனுங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. மாடு உள்ள பூந்துபோட்டுது."

"எங்கீங்க ஓட்டறீங்க?"

"மேட்டுப்பாளையத்துக்குங்க. அங்கிருந்து மலைக்கு."

"உழவுக்குத்தானுங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பட்டாளத்துல ஏதுங்கம்மா உழவு? கறிக்குத்தானுங்க."

கழுநீர்த் தொட்டியைக் காட்டினேன். செவலை அடி வரைக்கும் உறிஞ்சிக் குடித்தது. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"ஏனுங்க, திருப்பி வாங்கிக்கலாமுங்க" என்றேன்.

"வாங்கி? என்னத்தைப் போடுவே?" என்றார்.

மாட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஒரு கயிறு இருந்தாக் குடுங்க சாமி. இது இங்கிருந்து நகராது போலிருக்குது" என்றார்.

இவர் உள்ளே போனார். ஆணியிலிருந்து கயிற்றை எடுத்து வந்து, வேறு யார் கை பட்டாலும் தலையை உதறும் என்பதால், தானே செவலைக்குக் கட்டினார். கட்டிவிட்டுத் தோளில் கிடந்த இன்னொரு கயிற்றையும் எடுத்து நீட்டினார்.

"மயிலையும் அந்தக் கூட்டத்துலதான் இருக்கும். இதையும் கொண்டுபோயிருங்க" என்றார்.