குள்ளர் வீட்டில் ஒதுங்கிய மழை

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி ஒடுகத்தூரிலிருந்து மலைக்குப் போனேன். காவலூரில் பெரிய தொலைநோக்கிக்காகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் என் கணவருக்குத் தச்சு வேலை. பகலெல்லாம் தனியாக இருக்கப் பிடிக்காமல், தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன்.

பாடங்களில் பிரமிடு, தாஜ்மகால், சாஞ்சி ஸ்தூபி, தஞ்சைப் பெரிய கோயில் எல்லாம் மசி அப்பிய படங்களாக வரும். ஒன்றையும் நான் நேரில் பார்த்ததில்லை. படத்தில் எல்லாம் ஒரே அளவில் இருந்ததால், எது எவ்வளவு பெரியது என்பதே பிடிபடவில்லை. ஸ்தூபிக்கு உள்ளே போக வழியே கிடையாது என்று படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உள்ளே போக முடியாததை எப்படிக் கட்டடம் என்பது?

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவோடு விறகுக்குப் போனேன். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மேட்டில் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லால் மூடிய சின்ன அறைகள் இருந்தன. முன்கல்லில் ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு ஓட்டை. அக்கா அதற்குள் நுழைந்து என்னையும் இழுத்துக்கொண்டார்.

"இது குள்ளருங்க வூடும்மா. அந்தக் காலத்துல குள்ளமா மனுசங்க இருந்தாங்களாம்."

இதே மாதிரி கல்லறையின் படம் என் பாடத்தில் இருந்தது. இறந்தவர்களுக்காகப் பல ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுப்பியது. சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். இடி இடித்ததும் வாயில் வந்துவிட்டது.

"அக்கா, இது வீடு இல்ல. சமாதின்னு படிச்சேன்."

அவர் ஓட்டையைப் பார்த்தார். "சமாதின்னா வாசல் இன்னாத்துக்கு வச்சாங்க?"

தாஜ்மகாலுக்கும் வாசல் உண்டு, அதுவும் சமாதிதான் என்றேன். "அப்டியா? அவ்ளோ பெருசா ஒருத்தருக்கா?" என்றார். இல்லை, இரண்டு பேருக்கு என்று சொல்லும்போதே எனக்கே விசித்திரமாக இருந்தது. மழை விடும்வரை இருவரும் கல்லில் முதுகு படாமல் உட்கார்ந்திருந்தோம்.

அடுத்த தடவை அந்த வழியாகப் போனபோது, அக்கா மடியிலிருந்து ஒரு பிடி சாமையை எடுத்து ஓட்டைக்குள் வைத்தார்.

"யாருக்குக்கா?"

"தெரியலம்மா. வூடுன்னா வூட்டுக்காரங்களுக்கு. நீ சொன்ன மாதிரின்னா செத்தவங்களுக்கு. யாரா இருந்தா இன்னா, சொல்லாம கொள்ளாம உள்ள பூந்தோமே."

நான் கும்பிடுவதா, பேசாமல் நிற்பதா என்று தெரியாமல் விறகுக் கட்டை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருடம் கட்டடக்கலைத் தாளில் தட்டுத்தடுமாறித் தேறினேன். பிற்பாடு தஞ்சாவூருக்கும் ஆக்ராவுக்கும் போய் வந்தேன். இரண்டு இடத்திலும் வாய் பிளந்து அண்ணாந்து பார்த்தேன். பாடத்தில் பதில் இருந்தும், இவ்வளவையும் யாருக்காக எழுப்பினார்கள் என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.