நான் அடித்த இரண்டு விசில்

2000-களின் நடுவில், மேற்படிப்புக்காக மாண்ட்ரியலுக்குப் போன எனக்கு அது முதல் குளிர்காலம். கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு வாடகை அறை, ஆய்வகம், நூலகம், இவ்வளவுதான் என் உலகம். என்னோடு படித்த யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்திதான், “சும்மா அறைக்குள்ளயே கிடவாமல் ஒருக்கா வந்து பாருங்கோ” என்று எங்கள் பல்கலைக்கழகத்தின் பாஸ்கெட்பால் ஆட்டத்துக்கு வரச்சொன்னாள். எதிரணி, அதே ஊரில் இருந்த இன்னொரு பல்கலைக்கழகம். இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம்.

தாமதமாகப் போனதால் அவள் கூட்டத்தோடு இடம் கிடைக்கவில்லை. கூடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்தேன். பத்தே நிமிடத்தில் எனக்கு வெறி பிடித்துவிட்டது. மதுரையில் கபடிக்கு விசிலடித்தே வளர்ந்தவனல்லவா! ஆனால் ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. ஃபவுல் செய்யப்பட்டவர், தடுக்க யாருமில்லாமல் கோட்டில் நின்று கூடைக்கு எறியலாம். அதுதான் ஃப்ரீ த்ரோ. எதிரணி எறிந்தபோது எங்கள் பக்கத்தார் கூரை பிய்கிற மாதிரிக் கத்தினார்கள். நம் ஆள் எறியும்போது இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். என்ன ஜனங்களோ என்று எரிச்சலாக வந்தது.

கடைசி இரண்டு விநாடி. ஒரு புள்ளி பின்னால் இருந்தோம். எங்கள் அணியின் ஆறரை அடிப் பையனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தது. அரங்கத்தில் சத்தமே இல்லை. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து விட்டேன் ஒரு விசில். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. நாலைந்து பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பாராட்டுகிறார்கள் என்று நினைத்து, இரண்டாவதற்கு இன்னும் பலமாக அடித்தேன். அதுவும் போச்சு. தோற்றோம்.

அறைக்குப் போகப் பிடிக்கவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டுப் பனியில் நடந்தேன். என் தெருவையும் தாண்டி நடந்துகொண்டே இருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் கண்ணுக்குள் அந்தப் பந்துதான். சும்மா நின்று எறியத் தெரியாதவனுக்கு ஆறரை அடி எதற்கு என்று அவனை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

அவன் எங்கள் நூலகத்தில் பகுதிநேரமாகப் புத்தகம் அடுக்குபவன். திங்கட்கிழமை அவனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. கையிலிருந்த காகிதத்தைக் கசக்கி, அவன் பக்கத்திலிருந்த குப்பைக்கூடைக்குள் எறிந்தேன். “பார், எவ்வளவு சுலபம்” என்றேன், நாலு பேர் கேட்கும்படி. அவர்களும் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. ஒன்றும் சொல்லாமல் புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

மத்தியானம் ஆய்வகத்தில் இந்தப் பெருமையை அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“பாவம், அவனை ஏன் ஏசுறீங்கள்? எங்கட ஆள் எறியேக்கை ஒருத்தரும் மூச்சுக் காட்டுறேல்லை, கவனம் குழம்பிப்போகும் எண்டு. மற்றப் பக்கம் எறியேக்கைதான் கத்துறது. அண்டைக்கு ஆரோ ஒரு விசரன் விசில் அடிச்சுக் கெடுத்துப்போட்டான்.”

விசரன் என்றால் அவர்கள் பேச்சில் பைத்தியக்காரன். அந்த விசரன் அவள் எதிரில்தான் நின்றுகொண்டிருந்தான். “ஓ, அப்படியா” என்று மட்டும் சொல்லி நழுவினேன்.

இரண்டு நாள் நூலகப் பக்கமே தலைகாட்டவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. யாருக்கும் தெரியாது, விட்டுவிடு என்றது ஒரு மனசு. குப்பைக்கூடையைப் பார்த்தாலே கூசியது இன்னொன்று. மூன்றாம் நாள் போய் அவன் வண்டியை மறித்து, “அந்த விசில் நான் அடித்தது” என்று கொட்டிவிட்டேன்.

“தெரியும்” என்றான். “கூடைக்கு நேர் பின்னால்தானே உட்கார்ந்திருந்தாய்.”

அப்படியென்றால் காகிதம் எறிந்த அன்றைக்கும் அவனுக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேர் முன்னாலும் என் மானம் போயிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“எறிந்தது நான்தானே” என்றான். பிறகு, “அடுத்த ஆட்டத்துக்கும் வா. வாயை மட்டும் மூடிக்கொள்.”

போனேன். அவளிடமும் உண்மையைச் சொன்னதிலிருந்து என்னை விசரன் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், காவலுக்கு. ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு வந்தவன் என்னைத் தேடிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தான். நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். பந்து உள்ளே போனது.

இத்தனை வருடம் கழித்தும், ஏதாவது கெட்டுப்போனதற்கு யாரையாவது திட்ட வாயெடுத்தால், இதில் என் விசில் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன்.