சடகோபன் விட்டுப்போன கை

டாக்டர் சடகோபன் இறந்த செய்தி வந்தபோது நான் வார்டில் முனியம்மாவின் தோள்பட்டையைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் நடக்கப் போனவர் திருச்சானூர் சாலையில் மாரடைப்பில் விழுந்துவிட்டாராம். போனை வைத்துவிட்டு அழுதேன். முனியம்மா அழவில்லை.

"அப்போ என் கைய யாரும்மா பிரிப்பாங்க?" என்று கேட்டாள்.

கங்காதர நெல்லூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிற இடத்தில், கரும்பு பிழியும் உருளையில் அவளுடைய வலது கை மாட்டிக்கொண்டது. புறங்கைத் தோல் உரிந்து எலும்பு தெரிய வந்தாள். சடகோபன் அவள் அடிவயிற்றில் தோலையும் கொழுப்பையும் மடலாகக் கிளப்பி, ஒரு முனை வயிற்றோடே இருக்கும்படி, மறுமுனையைக் கையின்மேல் தைத்தார். கையில் ரத்த ஓட்டம் பிடிக்க மூன்று வாரம் ஆகும். அதுவரை கை வயிற்றோடு ஒட்டியே இருக்கும். பிறகு பிரித்தாக வேண்டும், தாமதித்தால் விரல்கள் இறுகிவிடும். பிரிக்க வேண்டிய வாரத்தில்தான் அவர் போனார்.

திருப்பதியில் அந்த ஆஸ்பத்திரியில் நான் பிசியோதெரபிஸ்ட். அவர் தைத்த கைகால்களை அசைய வைப்பது என் வேலை. அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய முதல் கேள்வி ஞாபகம் இருக்கும். எக்ஸ்ரேவைப் பார்க்கும் முன்பே, நோயாளியின் பேச்சிலேயே கேட்பார்: "இந்தக் கை இன்னா வேலை செஞ்சிக்கினு இருந்துச்சி?" பால் கறக்கும் என்றாள் முனியம்மா. "அப்போ கட்டைவிரல்ல பிடி நிக்கணும்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கறக்கிற கைக்கு ஒரு மாதிரி தைப்பார், களை பறிக்கிற கைக்கு வேறு மாதிரி. நசுங்கிய காலை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் போதும், எரிந்து விழுவார். "வெட்டிப் போடறதுக்கு நான் எதுக்குய்யா?"

எங்கள் ஊர்க்காரர்களின் பத்தியத்தோடும் அவருக்குத் தீராத சண்டை. தையல் போட்டால் முட்டை ஆகாது, சீழ் பிடிக்கும் என்று வெறும் ரசஞ்சோற்றைப் போட்டுப் புண்ணைப் பட்டினி போடுவார்கள். அவர் குடும்பம் கோயில் கைங்கரியக் குடும்பம், வீட்டில் முட்டை நுழைந்ததே இல்லை. அந்த மனிதர் கடையில் அவித்த முட்டை வாங்கிவந்து, கட்டிலோரம் நின்று தன் கையால் உரித்து, "துன்னும்மா, உனக்கு இல்ல, உன் கைக்கு" என்று முனியம்மாவின் வாயில் வைத்தார். வீட்டுக்குப் போய் இன்னொரு குளியல் போடுவார் என்று நாங்கள் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

நிர்வாகத்துக்கு அவரைக் கண்டாலே ஆகாது. அவருடைய நோயாளிகள் வாரக்கணக்கில் படுக்கையை அடைத்துக்கொள்கிறார்களாம். ஒவ்வொரு படுக்கையாகப் பிடுங்கினார்கள். அவர் போனதும், பிரிக்க இங்கே வேறு டாக்டர் இல்லை என்று முனியம்மாவைச் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். "கைய வயித்துல வச்சிக்கினு எந்த பஸ்சுல ஏறுவேன்?" என்று கேட்டாள். நான் அறை அறையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் இரங்கல் கூட்டத்து வேலையில் மும்முரமாக இருந்தார்கள். நாள்தான் ஓடியது.

கூட்டத்தன்று பெரிய படம், ரோஜா மாலை, ஆளுயர பேனர். முனியம்மாவை அழைத்துப்போய் முதல் வரிசையில் உட்கார வைத்தேன். வேண்டுமென்றேதான் செய்தேன். நிர்வாகி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சடகோபன்காருவின் சேவை இங்கே தொடரும் என்றார். முனியம்மா எழுந்தாள்.

"அப்போ என் கைய எப்போ சார் பிரிப்பீங்க?"

கேலி அல்ல அது, நிஜமாகவே கேட்டாள். பின்வரிசையிலிருந்து, அவரிடம் முன்பு வேலை பார்த்த சித்தூர் டாக்டர் ஒருவர், "நான் பிரிக்கிறேன்" என்றார். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருந்ததால் ஆபரேஷன் தியேட்டர் உடனே கிடைத்தது.

கை பிழைத்தது. ஆனால் தாமதத்தில் விரல்கள் இறுகிவிட்டன. வாராவாரம் வருகிறாள், மடக்கிப் பார்க்கிறேன். போன வாரம் சொன்னாள்: "மாட்டாண்ட குந்தினேன்மா. காம்பப் பிடிச்சேன். பிடி நிக்கல."

அவர் இருந்திருந்தால் எங்கள் எல்லாரையும் கிழித்திருப்பார். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். படமும் மாலையும் அவர்களிடமே இருக்கட்டும். பிடி நிற்காத அந்தக் கை என்னிடம் இருக்கிறது.