எலுமிச்சம்பழம் நசுங்காத வண்டி

அன்று அரியலூர்க் கடையில் இருந்தது நான், என் மனைவி, அவள் தம்பி, கடைக்காரர் ஆகிய நான்கு பேர்தான். சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் முழங்கால் அடிபட்டதிலிருந்து என்னால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. நேரத்துக்குப் போகாவிட்டால் அங்கே கொடுத்த வாட்ச்மேன் வேலையும் போய்விடும். அந்தப் பயத்தில்தான் பேட்டரி சைக்கிள் வாங்கினேன்.

கடைக்காரர் ஒல்லி, முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல், பேச்சுக்கு நடுவே பேட்டரியைப் புறங்கையால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

மனைவி முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். நான் கைப்பிடியைத் திருகினேன். வண்டி முனகியதே தவிர, பழத்தின் மேல் ஏறவில்லை. மனைவி முகம் மாறிவிட்டது.

கடைக்காரர் பழத்தை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். “இதுக்கு லைசென்ஸ் வேணாம், பெட்ரோல் வேணாம். பழமும் வேணாங்க.”

நான் வெளியே பார்த்தேன். வாசலில் அவருடைய பழைய சைக்கிள் நின்றது. “நீங்க மட்டும் ஏங்க மிதிச்சிக்கிட்டு வர்றீங்க?”

“நான் வூடு போய்ச் சேரணுமேங்க.”

மச்சான் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

ஐந்தாம் மாதம் பேட்டரி செத்தது. புதுசுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு, “சரக்கு வரலைங்க” என்று மூன்று தடவை சொன்னார். நான்காம் தடவை கடை பூட்டியிருந்தது. கதவிடுக்கில் பார்த்தேன். விற்காத வண்டிகள் சிமெண்ட் தூசி படிந்து வரிசையாக நின்றன. அவருடைய சைக்கிளைக் காணோம்.

இப்போது விடியுமுன்னே நொண்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிறேன். அவரைத் திட்ட வாய் வரவில்லை. கேட்டதற்கு உண்மையைத்தானே சொன்னார். அவரிடமிருந்து வரவேண்டியது இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்.