டோக்கன் அக்கா கணினிக்கு எழுதிய கேஸ் ஷீட்

"நான் கூப்பிடவே இல்லையே, அப்புறம் எப்படி இதெல்லாம் உள்ளே வந்துச்சு?"

சித்தி போனில் இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நான் பள்ளிக்கூடம் முடித்துப் பத்து நாள்கூட ஆகாத சமயம் அது. பன்னிரண்டு வருஷம் படித்தும் இதுகூடத் தெரியாதா என்று திட்டியிருந்தால் தேவலை. "சரி, நானே பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அவள் எப்படிப் பார்த்துக்கொண்டாள் என்பதுதான் இந்தக் கதை. நான் அங்கே இல்லை. சித்தி சொன்னதையும், அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் அதைத் திருத்திச் சொன்னதையும் சேர்த்து எழுதுகிறேன். இருவருக்கும் ஒத்துப்போகாத இடங்களில் நர்ஸை நம்பியிருக்கிறேன்.

சித்தி ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் இருப்பவள். பதினோரு வருஷமாக டோக்கன் கொடுப்பதால் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேசைக்கு எதிரே ஒரே இரும்புக் கம்பியில் கோத்த ஒன்பது நாற்காலிகள். ஒருவர் பயத்தில் காலை ஆட்டினால் ஒன்பது பேரும் ஆடுவார்கள். அந்த ஆட்டத்தை நிறுத்துவதுதான் சித்தியின் உண்மையான வேலை. "ஊசி போடறதே தெரியாதுங்க. போன வாரம் ஒருத்தர் அதுலயே தூங்கிட்டாரு" என்பாள். தூங்கியது யார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவளுக்கு ஒரு கொள்கை உண்டு. மேசை முன்னால் வந்து நிற்பவரைப் பதில் சொல்லாமல் நிற்க வைக்கக் கூடாது. டாக்டரின் கார் எங்கே என்று கேட்டாலும் பதில் உண்டு, பக்கத்துக் கடை எப்போது திறக்கும் என்று கேட்டாலும் பதில் உண்டு. மனிதர்களுக்கு இது நல்ல கொள்கை. ஆனால் சித்தி இதைக் கணினித் திரைக்கும் நீட்டிவிட்டாள். திரையில் ஒரு பெட்டி எழுந்து, "இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகள் அனுப்பலாமா?" என்று கேட்டால், பாவம், எவ்வளவு நேரமாக நிற்கிறதோ என்று நினைத்து "அனுமதி"யை அழுத்திவிடுவாள். படித்துப் பார்ப்பதில்லை. வந்தவரை முதலில் உட்கார வைப்போம், விஷயத்தைப் பிறகு கேட்போம் என்ற நினைப்பு.

அந்தக் கணினித் திரையில் தெரிவதெல்லாம் ஹாலில் மாட்டியிருக்கும் டிவியிலும் தெரியும். டோக்கன் எண் பெரிதாக ஓடும். ஒரு வெள்ளிக்கிழமை காலை, எண் ஏழு ஓடிக்கொண்டிருந்தபோது, டிவியின் மூலையில் சிவப்பாக ஒரு பெட்டி முளைத்தது.

"ஆபத்து! 17 வைரஸ்கள் கண்டுபிடிக்கப்பட்டன!"

கடைவாய்ப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் சட்டென்று கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"டோக்கன் அக்கா, பதினேழா? இந்த ரூம்லயா?"

"அது கம்ப்யூட்டருக்குங்க. உங்களுக்கு இல்ல."

"கம்ப்யூட்டர் இங்கதானம்மா இருக்கு?"

ஒன்பது நாற்காலிகளும் ஆட ஆரம்பித்தன.

அன்று முதல் தினமும் இதே கூத்து. இணையத்தைத் திறந்தால் வழக்கமான பக்கம் வராது, பூதக்கண்ணாடிப் படம் போட்ட ஏதோ ஒரு பக்கம் வந்து நிற்கும். ஒன்றைத் தேடினால் வேறொன்றைக் காட்டும். அந்தக் கணினியில் நாள் முழுக்கப் பல் சம்பந்தமாகத்தான் தேடுவார்கள். அதைப் பார்த்துவிட்டதோ என்னவோ, புதன்கிழமை அந்தப் பூதக்கண்ணாடி தன் வேலையைக் காட்டியது. ஹால் நிறைய ஆள் இருக்கும்போது டிவியில் கொட்டை எழுத்தில் வந்தது:

"பல் டாக்டர்கள் உங்களிடம் மறைக்கும் ரகசியம்! ஒரே பொடி, மூன்றே நாள், பல் பிடுங்கவே வேண்டாம்!"

அன்று பல் பிடுங்க வந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாமவர் போகவில்லை. உள்ளே போய், நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறப்பதற்கு முன் டாக்டரிடமே கேட்டார்: "டாக்டர், கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொடியை ஏன் எங்ககிட்ட மறைக்கறீங்க?"

டாக்டர் கையுறையைக் கழற்றாமலே முன்மேசைக்கு வந்தார்.

"என்னம்மா இது? என் ஆஸ்பத்திரியில, என் டிவியிலயே, என்கிட்ட வராதேன்னு விளம்பரமா?"

"நான் ஒண்ணும் பண்ணலை டாக்டர். தானா வருது."

"தானா எதுவும் வராது. டோக்கன் மெஷின் விக்கறவரை சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள இது சரியாகலைன்னா இங்க மெஷினை வெச்சிடலாம். நீங்க பின்ரூமுக்குப் போயிடுங்க."

பின்ரூம் என்பது கருவிகளைக் கொதிக்க வைக்கிற அறை. ஜன்னல் கிடையாது. அலமாரி முழுக்க நோயாளிகளின் தாடைகளை அச்சு எடுத்த மாவுப் பொம்மைகள். நர்ஸ் ஆறுதல் சொல்லுகிற ஜாதி இல்லை.

"கவலைப்படாதீங்கக்கா. அங்கயும் முப்பது நாப்பது பேர் இருக்காங்க. எல்லாரும் வாயைத் திறந்துகிட்டேதான் இருப்பாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அவ்வளவுதான்."

சித்திக்கு அன்று சோறு இறங்கவில்லை. பேச்சுதான் அவளுக்கு மூச்சு. வேலை போனாலும் பரவாயில்லை, வாயைக் கட்டிப்போட்டு வேலையில் வைத்திருப்பார்களே, அதைத்தான் அவளால் தாங்க முடியாது. எனக்குப் போன் செய்தது அந்த மத்தியானம்தான். நான் கைவிரித்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவளே களத்தில் இறங்கினாள். "விளம்பரத்தை நீக்குவது எப்படி" என்று தேடினாள். எதில் தேடினாள்? அதே பூதக்கண்ணாடியில். அது மிகுந்த அக்கறையோடு "இலவச சுத்திகரிப்பான்" என்று ஒன்றைக் காட்டியது. இறக்கினாள். ஒவ்வொரு பெட்டிக்கும் சரி, சரி, சரி. ஐந்து நிமிஷத்தில் பதினேழு வைரஸ் நாற்பத்திரண்டு ஆனது.

"திருடன் வீட்டுக்கே போய் பூட்டு கேட்டிருக்கீங்களேக்கா!" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பகல் ஒரு மணி. மருத்துவமனை நாலு மணி வரை மூடியிருக்கும். டாக்டர் வீட்டுக்குப் போயிருந்தார். திரையில் புதிதாக ஒரு பெட்டி: "கணினியை அணைக்காதீர்கள்! உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்!" வேறு வழி தெரியாமல் சித்தி அழைத்துவிட்டாள். நர்ஸ் பக்கத்தில் நின்று காதை ஒட்டிக் கேட்டாள்.

"வணக்கம் மேடம், கம்ப்யூட்டர் பாதுகாப்பு சேவை. உங்க கம்ப்யூட்டர் ரொம்ப மோசமான நிலைமையில இருக்கு."

பதினோரு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? போனை எடுத்தாலே கை தானாகப் பேனாவைத் தேடும், வாய் தானாகக் கேட்கும்.

"சரிங்க. உங்க பேர்?"

"என் பேரா?"

"ஆமா. வயசு?"

"மேடம், நான் சொல்றதை முதல்ல கேளுங்க. ஒரு புரோகிராம் அனுப்பறேன். அதைப் போட்டீங்கன்னா நானே இங்கேருந்து உள்ளே வந்து சரி பண்ணிடுவேன்."

"டோக்கன் இல்லாம யாரையும் உள்ளே விடறதில்லைங்க. தொந்தரவு எப்போலேருந்து?"

"இன்னிக்குக் காலையிலேருந்து. நாங்கதான் கண்டுபிடிச்சோம்."

"இல்லையே, எட்டு நாளா இருக்கே. எட்டு நாளா நீங்க என்ன பண்ணீங்க?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சித்தி சிரிக்கவில்லை. ரிசீவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், வர்றவங்க எல்லாரையும் எப்போலேருந்துன்னு கேக்கறேன். இதைக் கேக்கவே இல்லையேடி!"

"எதை?"

"இந்தக் கம்ப்யூட்டரை!"

உடனே ஒரு கேஸ் ஷீட்டை உருவினாள். மேலே "நோயாளி: கணினி" என்று எழுதினாள். வயது: ஆறு. தொந்தரவு: கூப்பிடாத விளம்பரம், வழி மாறிப் போகும் தேடல். எப்போதிலிருந்து: போன வெள்ளிக்கிழமை காலை. அடுத்த வரி எல்லா நோயாளிக்கும் உள்ளதுதான். அதற்கு முன் புதிதாக உட்கொண்டது என்ன?

கணினியின் அமைப்புகளுக்குள் போனால், அதில் போட்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். அதைத் தேதி வரிசையில் அடுக்க முடியும். நர்ஸின் போனில் வழி தேடிப் படித்து, சித்தி அடுக்கினாள். மேலே ஒன்று, நேற்று அவளே போட்ட சுத்திகரிப்பான். அதற்குக் கீழே ஒரே நாளில், சில நிமிஷ இடைவெளியில், நான்கு. முதலாவது, சினிமாப் பாட்டின் இசை ஓட, நாம் பாடலாம் என்கிற இலவசக் கரோக்கி. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு "தேடல் தோழன்", "வானிலை நண்பன்", "சலுகை வேட்டை" என்று மூன்று பேர். ஒருவரை உள்ளே விட்டதில் நால்வர் நுழைந்திருக்கிறார்கள். போடும்போது அந்த மூவரின் பெயருக்கும் பக்கத்தில் ஏற்கெனவே டிக் இருந்திருக்கும். யாரும் எடுத்துவிடவில்லை.

நாள், போன வாரம் வியாழக்கிழமை மாலை.

"போன வாரம் வியாழக்கிழமை நீங்க லீவாச்சேக்கா?" என்றாள் நர்ஸ். "அன்னிக்கு முன்மேசையில..."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முன்மேசையில் உட்கார்ந்திருந்தவர் டாக்டர். பல் குடையும்போது மெஷின் சத்தத்துக்கு மேலே முனகிப் பாடும் வழக்கம் உள்ள, அங்கே வரும் எல்லோரும் அறிந்த அதே டாக்டர்.

முதலில் மருந்து. ஐந்தையும் ஒவ்வொன்றாக நீக்கினாள். அவை லேசில் போகவில்லை. "தேடல் தோழன்" கண்ணீர் விடும் முகம் ஒன்றைக் காட்டி, "உண்மையாகவே எங்களைப் பிரியப் போகிறீர்களா?" என்று கேட்டது. கீழே "இருக்கட்டும்" என்பது பச்சையில் பெரிதாக, "நீக்கு" என்பது சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி. சித்தியின் விரல் தயங்கியது.

"இது அழுவுதுடி."

"அழட்டும். பின்ரூம்ல நீங்க அழறதுக்குப் பதிலா இது அழட்டும்."

சித்தி எறும்பை அழுத்தினாள்.

அடுத்து பிரவுசர், இணையத்தைத் திறக்கிற புரோகிராம். அதில் ஒட்டிக்கொண்டிருந்த, யாரும் போடாத இரண்டு எக்ஸ்டென்ஷன்களை, அதாவது குட்டித் துணைப் புரோகிராம்களை, பிய்த்தெறிந்தாள். முதல் பக்கத்தையும் தேடுபொறியையும் பழையபடி மாற்றினாள். பிறகு அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலைத் திறந்தாள். இருபத்து மூன்று தளங்கள். இருபத்து மூன்றுக்கும் அனுமதி கொடுத்தவள் ஒருத்திதான். டாக்டர் தலையில் முழுப் பழியும் விழுந்துவிட்டது என்று உள்ளூரக் குளிர்ந்திருந்த மனசு சுருங்கிப்போனது. ஒவ்வொன்றாக நீக்கினாள். கடைசியில், கணினியோடு கூடவே வந்த பாதுகாப்பு மென்பொருளைக் கொண்டு முழுசாக ஒரு சோதனை ஓடவிட்டாள். அது முடிந்தபோது மூன்றே முக்கால். கணினியை அணைத்து மறுபடி போட்டாள். டிவியில் டோக்கன் எண் மட்டும், சுத்தமாக.

கேஸ் ஷீட்டில் ஒரு வரி காலியாக இருந்தது. காரணம்.

"எழுதுங்கக்கா. பாட்டுன்னு எழுதுங்க."

"மானம் போயிடுமேடி அவருக்கு."

"எழுதலைன்னா நாளைக்கு மெஷின் வந்துடும்."

சித்தி ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு எழுதினாள்.

சனிக்கிழமை காலை டாக்டர் வந்ததும் கேஸ் ஷீட்டை நீட்டினாள். புது நோயாளி என்று நினைத்து அவர் நின்றபடியே படித்தார். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி படித்தார். "பாதி: போன வாரம் வியாழக்கிழமை இறக்கிய கரோக்கி. பாதி: முன்மேசை அக்கா படிக்காமல் கொடுத்த இருபத்து மூன்று அனுமதிகள்."

"இது... வேற யாருக்காவது தெரியுமா?" என்றார் தணிந்த குரலில்.

"நர்ஸுக்கு மட்டும் டாக்டர்."

"அப்போ எல்லாருக்கும் தெரியும்."

உள்ளேயிருந்து நர்ஸ் இருமினாள். டாக்டர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு போனை எடுத்து, மெஷின்காரரை வர வேண்டாம் என்று சொன்னார். "உங்க பாதியையும் எழுதியிருக்கீங்களே" என்றார் போனை வைத்துவிட்டு. "அதை விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"கேஸ் ஷீட்ல பொய் எழுதினா வைத்தியம் பலிக்காது டாக்டர். நீங்கதானே சொல்வீங்க."

"சரி, இனிமே வராம இருக்க என்ன பண்ணணும்?"

அதையும் சித்தி யோசித்து வைத்திருந்தாள். இப்போது அந்தக் கணினியில் எல்லோருக்கும் சாதாரணக் கணக்குதான். புதிதாக எதைப் போட வேண்டுமானாலும் கடவுச்சொல் கேட்கும். அந்தக் கடவுச்சொல் சித்தியிடம் மட்டும் இருக்கிறது. வேண்டியது எதுவானாலும் அதைச் செய்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே இறக்குவாள். வழியில் கேட்கும் ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படிப்பாள். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களும் கேட்டுக் கருத்து சொல்வார்கள். தேவையில்லாத டிக்கை எடுத்துவிடும்போது கைக்குட்டைப் பெரியவர் "அப்படிப் போடு!" என்பார்.

திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் மேசைப் பக்கம் வந்து சும்மா நின்றாராம்.

"அம்மா, ஒரே ஒரு பாட்டு ஆப். இலவசம்தான். நல்ல பேருள்ளது."

"வேண்டாம் டாக்டர்."

"பேரையாவது கேளுங்களேன்."

"வேண்டாம். உங்க குரலுக்கு மெஷின் சத்தமே போதும்."

பதினோரு வருஷத்தில் அந்த மேசையில் சொல்லப்பட்ட முதல் "வேண்டாம்" அதுதான் என்று நர்ஸ் சாட்சி சொல்கிறாள்.

சித்தி கேட்ட கேள்விக்கு எனக்கு இப்போது பதில் தெரியும். கூப்பிடாமல் எதுவும் வரவில்லை. கூப்பிட்டது நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் வீட்டிலோ வேலை செய்யும் இடத்திலோ திரையில் எழும் எல்லாப் பெட்டிக்கும் படிக்காமல் சரி சொல்லுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவரை இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் பாடுகிற விஷயத்தை மட்டும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.