பலூன் கடைக்கு வாங்கிய புதுத் துப்பாக்கி

“கார்டுல இருக்கிறத படிச்சிட்ட, சரி. துப்பாக்கியப் பத்தி உனக்கு இன்னாம்மா தெரியும்?”

அம்மாவுக்கு ஏர் கன் விற்ற கடைக்காரர், பாரிமுனைப் பக்கம் இருக்கும் தன் கடையில் வைத்து என்னிடம் கேட்டது இது. எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான், கல்லூரியும் முடித்தவள். ஆனால் துப்பாக்கியைப் பற்றி அன்று எனக்கு ஒன்றும் தெரியாது என்பதும் உண்மை.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் போகும் சாலையோரம் அம்மா பலூன் சுடும் கடை போட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரி பார்க்க வருகிறவர்கள்தான் வாடிக்கை. தட்டி நிறைய பலூன்கள், பழைய ஏர் கன் ஒன்று, அவ்வளவுதான் கடை. நைனா, அதாவது அப்பா, ஏரியில் இறால் பிடிக்கிறார். அது அவர் வேலை, இது அம்மாவுடையது. “என் கடை” என்று சொல்லும்போது அவள் குரலே வேறாக இருக்கும். பழைய துப்பாக்கி தேய்ந்துபோனதும், காணும் பொங்கல் கூட்டத்துக்கு முன்னால் புதிது வேண்டுமென்று அவளே பட்டணம் போய் வாங்கி வந்தாள்.

பெட்டியைத் திறந்ததும் நைனா எண்ணெய்க் குப்பியைத் தேடினார். எங்கள் பக்கத்தில் இரும்பு எதுவானாலும் வீட்டுக்கு வந்த அன்றே எண்ணெய் குடிக்கும். உப்புக்காற்று அப்படி. படகு இன்ஜினுக்கு விடுவோம், சைக்கிளுக்கு விடுவோம், கதவுத் தாழ்ப்பாளுக்கும் விடுவோம். துப்பாக்கியின் வெளியெல்லாம் தடவிவிட்டு, குழாயை மடக்கினால் தெரிகிற சின்னத் துளைக்குள்ளும் நைனா தாராளமாக விட்டார். பெட்டிக்குள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சடித்த ஒரு தாள் இருந்தது. அந்தத் துளைக்குள் எண்ணெய் விடக் கூடாது என்று அதில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை. நைனாவுக்குப் படிக்கத் தெரியாது, எனக்குத் தெரியும். அந்தத் தவறில் பெரிய பங்கு என்னுடையது என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அந்தத் துப்பாக்கியில் குழாயை மடக்கினால் உள்ளே ஸ்பிரிங் இறுகும். ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்ளும். விசையை அழுத்தும்வரை கொக்கி விடக் கூடாது. முதல் ஞாயிற்றுக்கிழமையே, அம்மா குழாயை மடக்கிக் குண்டு வைத்துக்கொண்டிருக்கும்போது கொக்கி தானாக நழுவியது. குழாய் வெடுக்கென்று நிமிர்ந்து அவள் உள்ளங்கைச் சதையைக் கிழித்தது. அடுத்த முறை சுடுவதற்காக ஒரு சிறுமி கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தாள். அம்மா தன் கையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கையைத்தான் பார்த்தாள். பிறகு துணியைச் சுற்றிக்கொண்டு தட்டியை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“நல்ல துப்பாக்கி வர்ற வரைக்கும் கடை கெடயாது,” என்றாள்.

பழைய புடவையில் அதைச் சுற்றி எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் பொன்னேரியில் ரயில் ஏறினோம். எதிரே இருந்தவர், “இன்னாக்கா, துடுப்பா?” என்று கேட்டார்.

“துப்பாக்கி,” என்றாள் அம்மா. “வித்தவர பாக்கப் போறோம்.”

அவர் அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டார். அது அவர் இறங்க வேண்டிய இடம்தானா என்று தெரியவில்லை.

கடைக்காரர் குழாயை மடக்கினார், மூக்குக்குப் பக்கத்தில் வைத்தார், முகத்தைச் சுளித்தார்.

“மீன் வறுத்தீங்களா இதுல? எண்ணெய் ஊத்திக்கீறீங்க. வாரண்டி போச்சு.”

“அண்ணே, கொக்கி வாங்குன அன்னிக்கே நழுவிச்சு,” என்றாள் அம்மா. “இதே மேசைல, உங்க கையிலதான். புதுசு, போகப் போக சரியாய்டும்னு நீங்கதான சொன்னீங்க?”

அம்மா இதை என்னிடம்கூட அதுவரை சொல்லியிருக்கவில்லை. கடைக்காரர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார்.

“நாங்க விக்கிறதோட சரி. ரிப்பேருன்னா கம்பெனிக்கு அனுப்புங்க.”

நான் வாரண்டி கார்டைத் திருப்பிக் காட்டினேன். விற்பனையாளர் என்ற இடத்தில் அவர் கடை முத்திரையும் கையெழுத்தும் இருந்தன. “அப்ப இது எதுக்கு சார்?” என்றேன். அப்போதுதான் அவர் நான் முதலில் எழுதியிருக்கும் கேள்வியைக் கேட்டார். அம்மா துப்பாக்கியை மறுபடி புடவையில் சுற்றினாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் புதுப் படகு ஒழுகினால் செய்தவரைக் கூப்பிடுவோம். அவர் வந்து, தண்ணீரில் இறங்கி, ஓட்டையைத் தேடுவார். பலகை எந்த ஊர், ஆணி எந்தக் கம்பெனி என்ற பேச்சே வராது. ஆனால் அவரும் முதலில், “பாறைல ஏத்துனியா?” என்று கேட்கத்தான் செய்வார். கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் ஏற்றியிருந்தோம், எண்ணெய் ஊற்றியிருந்தோம்.

வீட்டில் அந்தத் தாளை முதல் வரியிலிருந்து படித்தேன். தெரியாத சொற்களுக்கு அகராதி பார்த்தேன். படத்தில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்டிருந்தது. எண்ணெய் கெடுக்கக்கூடியது ஸ்பிரிங்குக்கு முன்னால் இருக்கும் ரப்பரை. கொக்கி பின்னால், விசைக்கு மேலே, தனியாக இருந்தது. இரண்டும் வேறு வேறு பழுது என்று படம் பார்த்தவரையில் எனக்குப் புரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல நான் யார்?

கொக்கியைச் சரிசெய்து தரச் சொல்லிக் கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான அட்டை வந்தது, பதில் வரவில்லை. காணும் பொங்கலன்று ஏரிக்கரை முழுக்கக் கூட்டம். அம்மா வீட்டில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தாள்.  

மறுநாள் நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுத உட்கார்ந்தேன். நைனா பக்கத்தில் வந்து குந்தினார்.

“எண்ணெய் ஊத்துனத எழுதாத மா. நாமளே போய் ஒத்துக்கினா மாதிரி ஆய்டும்.”

“ஊத்துனோம்தான நைனா?”

“ஊத்துனேன்தான். அதுக்குன்னு?”

அம்மா உள்ளேயிருந்து, “உடு. அவதான எழுதுறா,” என்றாள்.

எழுதினேன். ரப்பர் கெட்டிருந்தால் அது எங்கள் தவறு, அதற்கு நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கொக்கி நழுவுவது விற்றபோதே இருந்த பழுது, அதைப் பார்த்த பிறகும் விற்றவர் அதற்குப் பொறுப்பு என்று எழுதினேன். மறைத்து எழுதியிருந்தால் மனு இன்னும் பலமாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு முறை குழாயை மடக்கிப் பார்த்தாலே எண்ணெய் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு அம்மா சொல்வதை யார் நம்புவார்கள்?

போன திங்கட்கிழமை நானும் அம்மாவும் திருவள்ளூர் போய் மனுவைக் கொடுத்தோம். துப்பாக்கியை விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பிரித்துப் பார்க்க வேண்டும் என்று கடைசிப் பத்தியில் நானே கேட்டிருக்கிறேன். மனுவைப் பதிவு செய்து எண் கொடுத்துவிட்டார்கள்.