ஒரு கிணறு வற்றுவதற்காக

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வறண்ட வருடங்களில், விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் மாதம் ஒருமுறை நீர்மட்டம் அளப்பது என் வேலை. இரும்பு டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவி இறக்குவேன். ஈரம் பட்ட இடத்தில் நிறம் மாறியிருக்கும். "தண்ணி ஏறிச்சா சார்?" என்று போகிற இடமெல்லாம் கேட்பார்கள், ஏதோ மழையை நான்தான் பையில் போட்டு வைத்திருப்பதுபோல.

ஒருவர் மட்டும், "இறங்கிச்சா சார்?" என்பார். பீங்கான் சூளைகளைத் தாண்டி, பெண்ணாடம் ரோட்டோரம் அவருடைய வயல். கணவர் இறந்து வெகுகாலம். தனியாகத்தான் இருந்தார்.

ஒரு சித்திரையில் போனபோது கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட்டால்தான் சரியான மட்டம் தெரியும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வயலில் பயிரும் இல்லை. தண்ணீர் தரிசில் பாய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"ஃப்ரீ கரண்டுன்னா இப்படியாம்மா? ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுது!"

அவர் மோட்டாரை நிறுத்தவில்லை. "என் பொண்ணு உள்ள இருக்குது சார்" என்றார்.

பல வருடங்களுக்கு முன், கல்யாணம் பேசி முடித்த வாரத்தில் காணாமல் போன மகள். யாருடனோ ஓடிவிட்டாள் என்றது ஊர். அது அடைமழைக் காலம், கிணறு விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. பாதாளக்கரண்டி போட்டுத் துழாவியும் ஒன்றும் சிக்கவில்லை. விழுந்திருந்தால் உடல் மிதந்திருக்குமே என்றேன்.

"கல்லைக் கட்டிக்கிட்டு எறங்குனா மெதக்குமா சார்? என்கிட்ட சொல்லாம வூட்டை விட்டுப் போற பொண்ணு இல்ல அது."

அதற்குப் பிறகு அந்தக் கிணறு எனக்குப் பயம். டேப் எதிலாவது தட்டுமோ என்று அங்குலம் அங்குலமாக இறக்குவேன். எட்டிப் பார்க்கவே மாட்டேன். தண்ணீரைக் காப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், இந்த ஒரு கிணறு மட்டும் வற்றித் தொலைந்தால் தேவலை என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த வருடமும் மழை பொய்த்தது. கோடையில் ஒரு நாள் டேப் காய்ந்தே மேலே வந்தது.

அவர் தூர் வாரும் ஆட்களை வரவழைத்தார். நானும் போய் நின்றேன். போகாமல் இருக்க முடியவில்லை. சேறு வாளி வாளியாக மேலே வந்தது. கொட்டக் கொட்ட அத்தனையையும் அவர் தன் கையாலேயே பிசைந்து பார்த்தார். உடைந்த பீங்கான் கப், அறுந்த கயிறு, நசுங்கிய சொம்பு. அடிக் களிமண் வெள்ளையாகத் தெரிந்ததும், கீழே இருந்தவர், "அவ்ளோதாங்க, வேற ஒண்ணும் இல்ல" என்று குரல் கொடுத்தார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சேற்றுக் கையோடு தரையில் உட்கார்ந்திருந்தவரிடம் குனிந்தேன்.

"பாத்தீங்களாம்மா, உள்ள இல்ல. உங்க பொண்ணு எங்கயோ நல்லா இருக்குது."

அவர் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உசுரோட இருந்துகிட்டா சார், இத்தினி வருசமா என்னை வந்து பாக்காம இருக்குது?"